மதிலும் மண்ணும் காடும்

நம் சகோதரியின் மகன் வாணிகத்தின் பொருட்டு ஆண்டுக்கு இருமுறை சீன நாட்டுக் குவாங்சோ நகருக்குச் சென்று வருபவர். அண்மையில் ஊர் திரும்பியவர், காரைக்குடியில் நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியில் தாம் எடுத்து வந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பெய்ஜிங் நகருக்கு வடக்கே மலை முகடுகளின் மேல் ஏறியும் இறங்கியும் ஓடுகின்ற பெருஞ்சுவர். அதன் மேல் ஒன்றுக்கொன்று பார்வை எட்டும் தொலைவில் நிற்கும் காவற்கோபுரங்கள். படங்கள் முடிந்ததும் அவர் கேட்டார்: “இப்படி ஒரு கலைப்படைப்பு நம் பக்கத்தில் உண்டா, மாமா?”

நாம் உடனே விடை கூறவில்லை. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அவருடைய வண்டி திருமயம் கோட்டையின் அடிவாரத்தைக் கடந்தே செல்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அங்கே இறங்கியதுண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். குறை அவருடையது மட்டுமன்று. அரணைக் கலையாகவும் வரலாறாகவும் பார்க்கும் கண்ணை நாம் நம் பிள்ளைகளுக்குத் தரவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் விருப்பத்தால் எழுந்தது இக்கட்டுரை.

முதலில் சீனத்தின் சுவரைப் பார்ப்போம். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதுரைச் சுல்தான்களின் நாட்டையும் கண்ட பயணி இப்னு பதூதா, தாம் ‘ஸீன் கலான்’ என்று குறிப்பிடும் இதே குவாங்சோ நகரில் இருந்தபோது, யஃஜூஜ் மஃஜூஜ் தடுப்பைப் பற்றி விசாரித்திருக்கிறார். அது அங்கிருந்து அறுபது நாள் வழித்தொலைவு என்று கேள்விப்பட்டாரேயன்றி, அதைக் கண்டவரையோ, கண்டவரைக் கண்டவரையோ அந்நாட்டில் தாம் சந்திக்கவில்லை என்று ஒளிவின்றி எழுதி வைத்தார். திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் துல்கர்னைன் அமைத்ததாக வரும் தடுப்பு இரும்புப் பாளங்களாலும் உருக்கிய செம்பாலும் ஆனது. சீனச் சுவரோ மண்ணாலும் கல்லாலும் செங்கல்லாலும் ஆனது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டது பயணிகளின் ஊகமே. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நம் மருமகன் படமெடுத்த கற்சுவர் இப்னு பதூதா சென்ற காலத்தில் எழவேயில்லை. அதை எழுப்பிய மிங் அரசமரபு ஆட்சிக்கு வந்ததே 1368இல்தான்.

பெருஞ்சுவர் என்பது ஒரே சுவர் அன்று. கி.மு. 221இல் சீனத்தை ஒன்றுபடுத்திய சின் பேரரசர், முன்னைய சிற்றரசுகளின் எல்லைச் சுவர்களை இணைத்தும் நீட்டியும் தொடங்கியதை, பின்வந்த மரபுகள் கைவிட்டும் மீண்டும் கட்டியும் வந்தன. 2009இல் வெளியான அளவீடு மிங் காலச் சுவரின் நீளத்தை 8,850 கிலோமீட்டர் என்றது. எல்லாக் காலத்துச் சுவர்களையும் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று 2012இல் சீன அரசு அறிவித்தது. திங்களில் நின்று பார்த்தாலும் இச்சுவர் தெரியும் என்று நம் பள்ளிப் பருவத்தில் சொன்னார்கள், நாமும் நம்பினோம். 2003இல் விண்வெளி சென்ற சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றி வந்தபோதே அது தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கூறிவிட்டார். கலையின் பெருமை தொலைவிலிருந்து தெரிவதில் இல்லை என்பதால் இதனால் இழப்பு ஏதுமில்லை.

அருகில் சென்று பார்ப்போர்க்கே அதன் அருமை புலப்படும். வடமேற்கின் பாலைப்பகுதிகளில் அச்சுவர் கல்லே அன்று. பலகைச் சட்டங்களுக்கிடையே மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கிய திண்மண். மிங் காலத்தார் செங்கல்லை இணைக்கும் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்தனர். நம் செட்டிநாட்டுக் கொத்தனார்கள் சுண்ணாம்பை நாட்கணக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. சமையற்கட்டில் இருப்பதைக் கொண்டே சுவருக்கு உறுதி தேடிய கைகள் இரண்டு நாட்டிலும் இருந்தன. நான்கிங் நகர மதிலின் செங்கற்களில் அவற்றைச் செய்தவர், மேற்பார்த்த அதிகாரி ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. கல் பழுதானால் யாரைப் பிடிப்பது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆயினும், அரசர்களின் பெயர் மட்டுமே நிலைக்கும் உலகில், மண் குழைத்தவனின் பெயரும் அறுநூறு ஆண்டு நிலைத்துவிட்டது.

சீன மொழியில் மதிலுக்கும் நகருக்கும் ஒரே சொல். மதில் இல்லாதது நகர் அன்று என்ற எண்ணம் அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. தமிழிலோ எயில், மதில், இஞ்சி, புரிசை, ஆரை, நொச்சி எனச் சொற்கள் பல. மதிலை முற்றுவோர் உழிஞை சூடுவதும் அதைக் காப்போர் நொச்சி சூடுவதும் புறத்திணை மரபு. முற்றுகையைக்கூடப் பூவின் பெயரால் அழைத்த இனத்தவருக்கு அரணைக் கலையாகப் பார்க்க வெளியிலிருந்து ஆசிரியர் வரத் தேவையில்லை.

எனினும் ஓர் எதிர்ப்பு உண்டு. கோட்டை என்பது கொலைக்கருவியின் ஒரு பகுதி. அதில் அழகு தேடுவது வாளின் கைப்பிடியில் மணி தேடுவது போன்றது என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதித்தார். நாம் இதை ஒதுக்கிவிடவில்லை. பெருஞ்சுவரைக் கட்டச் சென்று மாண்ட கணவனுக்காக மெங் சியாங்னு என்ற பெண் அழுத அழுகையில் சுவரின் ஒரு பகுதியே இடிந்து வீழ்ந்ததாகச் சீன மக்கள் கதை சொல்கிறார்கள். சுவரைப் போற்றும் அதே மக்களே அக்கதையையும் மறவாமல் காத்து வருகிறார்கள். ஆயினும் ஒரு கட்டடம் தான் ஏற்ற வேலையை எத்துணைச் செம்மையாகவும் மிகையின்றியும் செய்கிறது என்பதைக் காண்பதும் திறனாய்வின் கடமையே. தேவையற்ற ஒரு கல்லையும் கோட்டை சுமப்பதில்லை. பிற்கால மாளிகைகள் பலவற்றைப் பற்றி இவ்வாறு சொல்ல முடியுமா?

இதற்கு வள்ளுவர் தரும் அளவுகோல் நமக்குப் போதுமானது. அரண் என்ற அதிகாரத்தில் அவர் மதிலை முதலில் வைக்கவில்லை. தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் செறிந்த காடு ஆகியவற்றையே அரணாக எண்ணுகிறார். அதன் பின்னரே உயரமும் அகலமும் உறுதியும் நெருங்கற்கருமையும் வருகின்றன. எல்லாம் இருந்தும் உள்ளிருப்போர் செயல் மாட்சி இல்லாதவராயின் அரண் பயனற்றது என்று முடிக்கிறார். 1644இல் ஷான்ஹாய்க் கணவாயில் மஞ்சு படையினர் சுவரை உடைக்கவில்லை. அங்கிருந்த தளபதி வூ சங்குய்யே அவர்களுக்கு வழி திறந்துவிட்டார்.

மதிலே இல்லாத அரண் ஒன்றை நம் வாசகர்கள் நன்கறிவார்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், கி.பி. 627இல், பெரும்படையொன்று மதீனாவை நோக்கி வந்தபோது, பாரசீகத்தவரான ஸல்மான் (ரலி) அவர்கள் கூறிய ஆலோசனைப்படி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நகரின் திறந்த வடபுறத்தில் அகழ் தோண்டச் செய்தார்கள். தாமும் மண் சுமந்தார்கள். மற்றப் பக்கங்களை எரிமலைக் கற்பாறை வெளிகளும் பேரீச்சந் தோப்புகளும் நெருங்கிய வீடுகளும் காத்தன. அரேபியர் அதுவரை அறியாத அந்த உத்தியின் முன் குதிரைப்படை திகைத்து நின்றது. நிலம் ஏற்கெனவே தந்திருக்கும் காவலைக் கண்டறிந்து, அது தராத இடத்தில் மட்டும் மனிதக் கை வைப்பதே அரண் கலையின் சாரம் எனலாம்.

இந்தக் கண்ணோடு திருமயத்துக்குச் செல்வோம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மறுவாரமே மருமகனையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி எனப்படும் விஜயரகுநாதத் தேவர் 1687இல் இக்கோட்டையைக் கட்டியதாக வரலாறு கூறும். இவர் நம் வள்ளல் சீதக்காதியின் நண்பர். இராமநாதபுரத்தில் இவர் கட்டிய கோட்டைக்கும் அரண்மனைக்கும் கீழக்கரை வள்ளலின் துணை இருந்தது என்பது வழிவழிச் செய்தி. சீதக்காதியை உமறுப் புலவரோடு மட்டுமே சேர்த்து நினைக்கும் நாம், கல்லும் சுண்ணாம்பும் பேசிய அவருடைய இன்னொரு நட்பையும் நினைவிற் கொள்வது நல்லது.

வெட்டவெளியில் திடீரென எழும் ஒரு பெரும் பாறை. அதைச் சுற்றி வளையம் வளையமாக மதில். ஏழு சுற்றாக இருந்தது என்பர். இன்று எஞ்சியவை நான்கு. ஊரைச் சூழ்ந்த வெளிச்சுற்று பெரும்பாலும் அழிந்து, வாயில்களும் துண்டுகளுமாக நிற்கிறது. பாறையை ஒட்டிய உட்சுற்றுகளே இன்று காண்பவரை ஈர்ப்பவை.

இங்கே கட்டியவன் செய்த முதல் நல்ல செயல், பாறையோடு போட்டியிடாததுதான். பாறை செங்குத்தாக இருக்கும் பக்கத்தில் மதிலுக்கு வேலை குறைவு. சரிவு இளகும் இடத்தில் மதில் தடிக்கிறது, வளைகிறது, முன்னே பிதுங்கிக் கொத்தளம் ஆகிறது. எங்கே மலை முடிந்து மனிதன் தொடங்குகிறான் என்று சில இடங்களில் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கீழே கருங்கல் அடுக்கு. மேலே செங்கற் கைப்பிடிச் சுவர். அதில் துப்பாக்கிக்கென விட்ட துளைகள். மாலை வெயிலில் கருங்கல் சாம்பல் நிறமாகவும் செங்கல் தீக்கங்கு நிறமாகவும் பிரிந்து தெரிவதைக் கட்டியவன் எண்ணிச் செய்திருக்க மாட்டான். எண்ணாமல் வந்த அழகும் அழகே.

உச்சியிலே ஒரு கொத்தளம். அதன் மேல் ஒரு பீரங்கி. பிள்ளைகள் அதன் மீதுதான் முதலில் ஏறினார்கள். அங்கே நின்று பார்த்தால், இக்கோட்டை எதற்காக இங்கே நிற்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நாற்புறமும் கண்மாய்களும் பொட்டலும் பனைகளும் விரிந்து கிடக்கின்றன. வரும் படை எதுவாயினும் புழுதியே முன்னறிவித்துவிடும். வள்ளுவர் மண்ணையும் அரணாகச் சொன்னதன் பொருளை, உரைகளைப் படித்தபோது நாம் முழுதும் உணரவில்லை. இக்கொத்தளத்தில் நின்றபோதே உணர்ந்தோம்.

ஏறும் வழியில் மருந்தறையும், அதற்கு அருகே பாறையைக் குடைந்த சிறு சிவன் குடைவரையும் உள்ளன. தென்புறத்து அடிவாரத்தில் திருமாலுக்கும் சிவனுக்கும் உரிய குடைவரைக் கோயில்கள் கோட்டைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தவை. கோட்டை கட்டியவன் அவற்றை இடிக்கவோ மறைக்கவோ இல்லை, மதிலுக்குள் அணைத்துக்கொண்டான். போருக்கென வந்த கட்டடம் தனக்கு முன்னிருந்த வழிபாட்டை மதித்து ஒதுங்கி நிற்பது இக்கோட்டையின் பண்பு.

குறைகளையும் கூறவேண்டும். வளைய மதில்கள் ஒன்றையொன்று காப்பது ஏணியும் வேலும் கொண்டு வரும் படைக்கு எதிராகச் சிறந்தது. ஆனால் 1687 என்பது ஐரோப்பியப் பீரங்கி இக்கடற்கரைக்கு நன்கு பழகிவிட்ட காலம். பீரங்கிக் குண்டு சறுக்கிச் செல்லும்படி தாழ்ந்து தடித்த, கோணங்களாக நீளும் மதில்களை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கட்டிக்கொண்டிருந்தபோது, நம்மவர் உயரத்தையே இன்னும் நம்பினர். திருமயத்தின் வடிவத்தில் உள்ள அமைதி, பழைய போர்முறை ஒன்றின் கடைசிச் சொல் என்பதால் வந்த அமைதி என்றே நமக்குப் படுகிறது.

பின்னர் இக்கோட்டை புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கைக்கு வந்தது. ஆனால் மக்கள் இதை அழைப்பது ‘ஊமையன் கோட்டை’ என்று. ஊமைத்துரை இங்கே சிறையிருந்தார் என்றும் மறைந்திருந்தார் என்றும் பலவாறு சொல்கிறார்கள். கட்டபொம்மன் 1799இல் பிடிபட்டது தொண்டைமான் நாட்டில். தொண்டைமான் கும்பினியாரின் துணைவர். ஆகவே கும்பினியின் நண்பர் கையிலிருந்த கோட்டைக்குக் கும்பினியின் பகைவன் பெயர் வழங்குகிறது. வரலாற்று ஆசிரியர் இதைப் பிழை என்று திருத்துவார். திருத்தட்டும். கட்டியவரையும் ஆண்டவரையும் தாண்டி, தாம் விரும்பிய ஒருவனின் பெயரை மக்கள் அக்கல்லின் மேல் எழுதியதும் ஒரு வரலாற்றுச் சான்றே.

இவ்விடத்தில்தான் நம் மனத்தை நெடுநாள் உறுத்தும் வினா எழுகிறது. திருமயம் நிற்கிறது, தொல்பொருள் துறை காக்கிறது, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறோம். உண்மையில் நம் மண்ணில் கும்பினிப் படையைத் திகைக்க வைத்த அரண்கள் எவை? அவை கல்லால் ஆனவை அல்ல.

ஒன்று, பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் இடித்துத் தள்ளிய அக்கோட்டை, 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதும், சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. முழுவதும் மண். கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், நீளப் பக்கம் ஏறத்தாழ 500 அடியும் குறுகிய பக்கம் 300 அடியும் கொண்டதாக அதைத் தம் நினைவுக்குறிப்பில் வருணித்து, அம்மண்ணின் பிடிப்பையும் திண்மையையும் குறித்து வைத்தார். கல் மதில் குண்டு பட்டுச் சிதறும்; திண்மண்ணோ குண்டை வாங்கித் தன்னுள் புதைத்துக்கொள்ளும். 1801 மார்ச் 31இல் நடந்த தாக்குதலில் கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது; மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. பின் அதைத் தரைமட்டமாக்கினார்கள். சீனப் பாலையின் திண்மண் சுவருக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க அப்படைப்பு இன்று இல்லை. அங்கே இருப்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை.

மற்றொன்று நம் சிவகங்கைச் சீமையின் காளையார்கோவில். 1772இல் முத்துவடுகநாதத் தேவர் அங்கே வீழ்ந்தார். வேலு நாச்சியார் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணைபெற்று, 1780இல் நாட்டை மீட்டார். பின் அதிகாரம் செலுத்திய மருது சகோதரர்கள், காளையார்கோவிலின் உயர்ந்த மதிலைவிட அதைச் சுற்றிய காட்டையே பெரிதும் நம்பினார்கள். 1801 ஆகஸ்டில் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி திறக்கக் கும்பினிப் படை முயன்றது. நாள்தோறும் சிறிது தொலைவு வெட்டுவார்கள். முட்புதரின் மறைவிலிருந்து வளரியும் வேலும் துப்பாக்கியும் பதில் சொல்லும். ஒரு திங்கள் அளவு பாடுபட்டும் முடியாமல் அம்முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார்கள். வள்ளுவர் அணிநிழற் காட்டை அரணாக வைத்ததற்கு இதனினும் சிறந்த உரையை எந்த உரையாசிரியர் எழுதினார்?

அந்தக் காட்டைத் திறந்தது கோடரி அன்று. செப்டம்பரில் சோழபுரத்தில் கௌரி வல்லப பெரிய உடையத் தேவரைச் சீமையின் உரிமையாளராகக் கும்பினியார் அறிவித்தார்கள். மக்களின் பற்று இரண்டாகப் பிரிந்தது. அக்டோபர் 1இல் காளையார்கோவில் வீழ்ந்தது. அதே மாதம் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஷான்ஹாய்க் கணவாயின் கதை இங்கே வேறு உடையில் நடந்தது.

காளையார்கோவிலின் நெடுங்கோபுரம் மருதுவின் பணி. அதற்கான செங்கற்களை மானாமதுரையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொணர்ந்தார்கள் என்பது இச்சீமையில் எல்லாச் சமயத்தவரும் சொல்லும் செய்தி. நான்கிங் செங்கல்லில் பெயர் உண்டு, இச்செங்கல்லில் இல்லை. ஆனால் நம் பாட்டன்மார் கையிலும் அவற்றில் சில தங்கிச் சென்றிருக்கும் என்று எண்ண யார் தடை?

நாம் சொல்ல வருவது இதுவே. கல்லைக் காக்கிறோம், அது நன்று. மண்ணையும் காட்டையும் அரண் என்று எண்ணாததால் அவற்றின் தடத்தைக் குறிக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. மருதுவின் காடு எங்கிருந்து எங்குவரை இருந்தது என்று காட்டும் ஒரு நல்ல வரைபடத்தை, ஒரு பலகையையேனும் வைத்தால் என்ன செலவாகிவிடும்? சீன அரசு பாலைவனத்தில் கரைந்துபோன மண்மேட்டையும் அளந்து கணக்கில் சேர்த்தது. அதனால்தான் 21,196 என்ற எண் வந்தது. கற்சுவரை மட்டும் எண்ணியிருந்தால் வந்திராது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒரு சொல். நாட்டுக்கோட்டையார் என்ற பெயரிலேயே கோட்டை இருக்கிறது. உயர்த்திய அடித்தளம், தெருவோடு முடியாமல் ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் சுவர், இரும்புக் கம்பி பதித்த சன்னல், பருத்த தேக்கு நிலை, முகப்பைக் கடந்து வளவு, வளவைக் கடந்து இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாய்க் காவல். வாணிகத்துக்காகக் கடல் கடந்த ஆடவர் வீட்டில் விட்டுச்சென்ற பெண்டிரையும் பொருளையும் காக்க எழுந்த அரண்கள் அவை என்றும் அவற்றைப் படிக்கலாம். வண்ணக் கண்ணாடியையும் ஆத்தங்குடிக் கல்லையும் மட்டும் படமெடுத்துத் திரும்புவோர், அவ்வீடுகளின் பாதியைத்தான் காண்கிறார்கள்.

திருமயத்தின் உச்சியிலிருந்து இறங்கும்போது மருமகன் மௌனமாகவே வந்தார். வாயிலருகே நின்று, கொத்தளம் பாறையோடு சேரும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பின்னர், “அந்தச் சிறுவயல் எங்கே இருக்கிறது, மாமா?” என்றார். தெற்கே கையைக் காட்டினோம். கல்லலுக்குப் பக்கம், அரண்மனைச் சிறுவயல் என்பது ஊரின் பெயர்.

“அங்கே பார்க்க என்ன இருக்கிறது?”

“பெயர் இருக்கிறது தம்பி. காடு இருந்த இடம் இருக்கிறது.”

அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் பிள்ளைகளை வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, வழி கேட்டுக்கொண்டு வண்டியைக் கல்லல் பக்கம் திருப்பினார்.